சமையலறை அலமாரிப் பெயிண்ட்: உரிகிறதா, காயவில்லையா, மஞ்சளாகிறதா?

அலமாரிக் கதவில் அடித்த பெயிண்ட் கெட்டுப்போனால் முதலில் டப்பாவைத்தான் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் டப்பாவில் இருக்காது. அடியில் இருக்கும் பலகை, அதன் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, தப்பான தின்னர், இரண்டு கோட்டுக்கு நடுவே விடாத நேரம் இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். எது என்று தெரியாமல் மேலே இன்னொரு கோட் அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும். அதனால் அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்கள் கதவுக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில்: அடியில் என்ன பலகை, மேலே என்ன பெயிண்ட்?

மாடுலர் கிச்சன் கதவாக இருந்தால் ஒரு கீலைக் கழற்றிப் பாருங்கள். கீல் உட்காரும் 35 மி.மீ. வட்டக் குழியின் சுவரில் பலகையின் உள்புறம் அப்படியே தெரியும். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ப்ளைவுட். மரச்சில்லுகளை அழுத்தி ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. ஒரே சீராக, பழுப்பு அட்டை மாதிரி இருந்தால் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பழைய வீட்டு மரக் கதவு என்றால் இந்தக் கேள்வியே எழாது.

மேலே இருக்கும் பெயிண்ட்டைக் கண்டுபிடிக்கப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கதவின் உள்பக்க ஓரத்தில் அரை நிமிடம் தேயுங்கள். பெயிண்ட் இளகிப் பஞ்சில் நிறம் ஏறினால் அது தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வகை. நிறமில்லாத பாலிஷ் பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்கு பாலிஷ். எதுவுமே வராவிட்டால் எனாமல் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்). இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்யாமல் கடையில் போய் "நல்ல பெயிண்ட்டா கொடுங்க" என்று கேட்பதில்தான் பாதி சிக்கல் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று. இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அந்தச் சேற்றை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். அரிசி, பருப்பு டப்பாக்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அறிகுறி: பெயிண்ட் உரிகிறது

அதிகம் வருவதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். உரிந்த சில்லைக் குப்பையில் போடாதீர்கள். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பி, அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் எதையும் சொல்லாது.

பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று, சுத்தமாக இருக்கிறதா? அடியில் சன்மைக்காவோ பழைய பளபளப்பு எனாமலோ இருந்திருக்கும். உப்புத்தாள் போடாமல் அல்லது பேருக்குப் போட்டு அடித்திருக்கிறார்கள். பெயிண்ட்டுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட கதவில் உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்து பயனில்லை. மீதி இடமும் இன்றைக்கோ நாளைக்கோ உரியத்தான் போகிறது. பட்டிக் கத்தியால் சுரண்டி வருவதையெல்லாம் எடுத்துவிடுங்கள். சன்மைக்காவின் மினுமினுப்பு முழுக்கப் போகும்வரை 180 நம்பர் தாளால் தேயுங்கள். சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தால் எங்கேயும் பளபளப்பு மிஞ்சியிருக்கக் கூடாது. அதன்பின் வழவழப்பான பரப்பில் பிடிப்பதற்கென்றே வரும் பிரைமரை அடிக்க வேண்டும். சாதாரண வெள்ளை உட் பிரைமர் எதுவும் பூசாத வெறும் மரத்துக்கானது. அது மரத்தின் துளைகளுக்குள் இறங்கித்தான் பிடிக்கும். சன்மைக்காவில் இறங்குவதற்கு இடமேது? "அதெல்லாம் ஒட்டும் சார்" என்று பெயிண்டர் சொன்னால், ஒரு கதவில் மட்டும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பின்பக்கம் லேசாக மஞ்சள் படிந்து, விரலில் தொட்டால் வழுக்குகிறதா? பிசுக்கு. தாளிப்பில் எழும் எண்ணெய் ஆவி கதவில் படிந்து, நாள்பட்டு, வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். ஈரத் துணியால் துடைத்தால் அழுக்கு போகுமே தவிர அந்தப் படலம் போகாது. அடுப்புக்கு மேலே உள்ள கதவும், கைப்பிடியைச் சுற்றிய உள்ளங்கை அகல இடமும் இதற்குப் பேர்போனவை. வெந்நீரில் சலவை சோடா கரைத்து நார் போட்டுத் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துக் காயவிட்டு, வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து ஒரு முறை இழுங்கள். துணி மஞ்சளானால் இன்னொரு முறை. வெள்ளையாகவே வந்தால்தான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பிசுக்கு போகும் முன் தேய்த்தால், எண்ணெயைப் பலகைக்குள் நீங்களே தேய்த்து இறக்கிவிடுகிறீர்கள்.

பின்பக்கத்தில் மரத்தூளோ நாரோ ஒட்டிக்கொண்டு வருகிறதா? பெயிண்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. அடியில் உள்ள மரம்தான் ஈரத்தில் ஊறி நைந்துவிட்டது. தொட்டிக்குக் கீழே உள்ள கதவின் அடி விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், உப்பியிருக்கும். விளிம்பில் பெயிண்ட் அடிக்காமல் விட்டதால் தண்ணீர் அங்கிருந்து மேலே ஏறுகிறது. முன்பக்கத்தை மினுக்கிவிட்டு, குனிந்தால் மட்டும் தெரிகிற அடி விளிம்பைப் பலகையாகவே விட்டுவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். ப்ளைவுட்டாக இருந்தால் வாரக்கணக்கில் காயவிட்டு, அடுக்கு பிரிந்த இடத்தில் பசை செலுத்தி இறுக்கி, விளிம்புக்கு இரண்டு கோட் பிரைமர் கொடுத்துக் காப்பாற்றலாம். வாங்கும்போது ஐ.எஸ். 303 முத்திரை உள்ள எம்.ஆர். வகைப் பலகையை வாங்கித் தொட்டிக்கடியில் போட்டிருந்தால் அது ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. அந்த இடத்துக்கு ஐ.எஸ். 710 பலகைதான் சரி. உப்பியது பார்ட்டிகிள் போர்டு என்றால் பெயிண்ட் பேச்சே வேண்டாம். அது திரும்பச் சுருங்காது. அந்த ஒரு கதவை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேல்கோட் மட்டும் ஏடாக வந்து, அடியில் பிரைமரோ முதல் கோட்டோ அப்படியே நிற்கிறதா? முதல் கோட் கல்லாக இறுகிய பிறகு, நடுவில் தாள் போடாமல் அடுத்ததை அடித்திருக்கிறார்கள். 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துத் தூசி துடைத்து மறுபடி அடித்தால் தீர்ந்தது. நான்கில் இதுதான் சுலபமானது.

சரிசெய்த பின் ஒரு சோதனை. பெயிண்ட் காய்ந்து ஒரு வாரம் கழித்து, கதவின் உள்பக்கத்தில் பிளேடால் பெருக்கல் குறி போல் கீறுங்கள். அதன்மேல் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கள். டேப்பில் பெயிண்ட் வரவில்லை என்றால் மற்றக் கதவுகளுக்குப் போகலாம்.

படலம் போர்த்திய எம்.டி.எஃப். கதவில் பெயிண்ட்டோடு சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக் தோலே அடுப்புச் சூட்டில் ஓரத்தில் தூக்கிக்கொண்டால் அதை ஒட்டவைக்க முயலாதீர்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினால் ஒரு மூலையிலிருந்து முழுத் தோலும் உரிந்து வந்துவிடும். அடியில் கிடைக்கும் எம்.டி.எஃப். பெயிண்ட்டுக்கு அருமையான பரப்பு. விளிம்பு மட்டும் பெயிண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அங்கே தண்ணீர் பிரைமர் போட்டால் நார் எழும்பும், தின்னர் வகை பிரைமரே நல்லது.

அறிகுறி: நாள் கணக்கில் ஆகியும் காயவில்லை, விரல் ஒட்டுகிறது

எனாமல் தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே காற்று வேண்டும். அலமாரியின் உள்ளே அடித்துவிட்டு, தூசி படும் என்று கதவைச் சாத்திவிட்டால் உள்ளே வாரக்கணக்கில் பிசுபிசுப்பும் வாடையும் இருக்கும். திறந்து போட்டு ஃபேனைத் தூரத்தில் ஓடவிடுங்கள். பல நேரம் அதுவே போதும்.

அது போதவில்லை என்றால் எதைக் கலந்தார்கள் என்று விசாரியுங்கள். எனாமலை இளக்க மினரல் டர்பன்டைன் வேண்டும். காசு மிச்சம் என்று மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முழுசாக ஆவியாகாமல் உள்ளேயே தங்கிப் பிசுபிசுப்பை இழுத்துக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்திருந்தால் காய்வது தாமதமாகும், ஆனால் காய்ந்துவிடும். தேக்கு, ஈட்டி மரத்தில் நேரடியாக அடித்திருந்தால் மரத்திலுள்ள இயற்கை எண்ணெய் இறுகலைத் தடுக்கும். அடிப்பதற்கு முன் தின்னரால் துடைத்து, அரக்கு பூசி மூடியிருக்க வேண்டும்.

இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யு. பிசுபிசுத்தால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஹார்டனர் குறைந்திருக்கும். அது அடுத்த தீபாவளிக்கும் காயாது. சுரண்டி எடுத்துத் தின்னரால் துடைத்துவிட்டு, டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை அளவுக் கோப்பையில் அளந்து மறுபடி கலக்க வேண்டும். கண் அளவு இங்கே உதவாது. ஹார்டனரில் மூச்சைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால் பி.யு.வை ஸ்பிரே செய்வதை அதற்கான முகமூடி வைத்திருக்கும் ஆளிடமே விட்டுவிடுங்கள். துணி மாஸ்க் அதற்குப் போதாது.

வார இறுதி வரை காத்திருந்தும் லேசான ஒட்டல் மட்டும் மிஞ்சும் எனாமலுக்குக் கடைசி வழி: டர்பன்டைன் நனைத்த துணியால் மேலே ஒரு முறை இழுத்து, இன்னும் நான்கு நாள் விட்டுப் பாருங்கள். அப்போதும் நகம் பதிந்தால் சுரண்டத்தான் வேண்டும்.

எனாமலோ ஆளிவிதை எண்ணெயோ துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு கிளம்பும், குவியலுக்குள் அந்தச் சூடு தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குப் போகும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போட்டு எறியுங்கள். சமையலறையில் தின்னர் திறந்திருக்கும் நேரம் முழுக்க சிலிண்டரின் ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: தோல் சுருங்கிய மாதிரி மடிப்பு மடிப்பாக

அடித்த அன்றோ மறுநாளோ, கதவில் பாலாடை சுருங்கியதுபோல் மடிப்பு விழுந்தால் இரண்டு காரணம்தான். ஒன்று, ஒரே கோட்டில் வேலையை முடித்துவிடலாம் என்று கெட்டியாக அடித்தது, அல்லது வெயிலில் வைத்துக் காயப்போட்டது. மேல்தோல் முந்திக் காய்ந்துவிடுகிறது, அடியில் ஈரம் சிக்கிக்கொள்கிறது. நன்றாக இறுகும்வரை விட்டு, மடிப்பைத் தேய்த்துச் சமமாக்கி, மெல்லிய இரண்டு கோட்டாக அடியுங்கள்.

மற்றது, எனாமல் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகையை அடித்தது. என்.சி. தின்னர் வீரியம் மிக்கது. கீழே உள்ள எனாமலை இளக்கித் தூக்கிவிடும். அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்முன் சுருங்கும், அந்த வேகத்தைப் பார்த்தே இதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். அந்த இடத்தில் உள்ளதை முழுக்க எடுக்காமல் தப்ப முடியாது. கடையில் "தின்னர் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னரைத்தான் எடுத்துத் தருவார்கள். எனாமலுக்கா, என்.சி.க்கா, பி.யு.க்கா என்று சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: அடிக்கும்போதே வட்ட வட்டமாக விலகி ஓடுகிறது

மீன்கண் மாதிரி சின்னச் சின்னக் குழி. சிலிகான். ஃபர்னிச்சர் பாலிஷ் ஸ்பிரே, கதவு கிறீச்சிடுகிறது என்று கீலில் அடித்த ஸ்பிரே, தொட்டி ஓரத்தில் பூசிய சீலன்ட் இவற்றில் ஏதோ ஒன்றின் மிச்சம். மேலே மேலே அடித்து மூட முடியாது. ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, தின்னர் துணியை ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதே துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தால் சிலிகானைக் கதவு முழுக்கப் பரப்புவதாகிவிடும்.

அறிகுறி: வெள்ளைக் கதவு மஞ்சளாகிறது

மஞ்சளிலும் இரண்டு வகை உண்டு. எங்கே வருகிறது என்பதுதான் துப்பு.

கதவின் உள்பக்கமும் அலமாரியின் உள்ளும் மஞ்சளாகி, வெளிச்சம் படும் முன்பக்கம் வெள்ளையாகவே இருந்தால் அது எனாமலின் இயல்பு. எண்ணெய் வகைப் பெயிண்ட் இருட்டில் மஞ்சளாகும். கழற்றிச் சில நாள் வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு திரும்பும், மறுபடி மாட்டினால் மறுபடி மஞ்சளாகும். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவம் இதை வேகப்படுத்தும். வெள்ளைதான் வேண்டும் என்றால் தண்ணீர் வகை அக்ரிலிக் எனாமலுக்கோ மஞ்சளாகாத பி.யு.வுக்கோ மாறுங்கள். என்னைக் கேட்டால், நம் சமையலறைக்குத் தூய வெள்ளையே வேண்டாம். சந்தன வெள்ளையோ லேசான சாம்பலோ பூசினால் மஞ்சள்தூள் கை பட்டாலும் மனம் பதறாது.

அடித்துச் சில நாளில் திட்டுத் திட்டாகப் பழுப்பு நிறம், அதுவும் மரக் கணுவின் மேல் வட்டமாகவோ மரக்கோட்டின் வழியாகவோ தெரிந்தால் அது மரத்தின் சாயம். வேங்கை, தேக்கு போன்ற மரங்களின் சாறு தண்ணீர் பெயிண்ட்டில் கரைந்து மேலேறுகிறது. எத்தனை கோட் அடித்தாலும் ஏறிக்கொண்டே இருக்கும். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துக் கறை மேல் இரண்டு கோட் கொடுத்தால் நின்றுவிடும். ஸ்பிரிட் சீக்கிரம் பறந்துவிடுவதால் ஒரு மணி நேரத்தில் அடுத்த வேலையைப் பார்க்கலாம். மெழுகு நீக்கிய அரக்காகக் கேட்டு வாங்குங்கள், மெழுகுள்ள அரக்கின் மேல் பி.யு. பிடிக்காது. போன வருடம் கரைத்து வைத்த பாட்டிலையும் எடுக்காதீர்கள். பழைய கரைசல் காயவே காயாது.

அறிகுறி: கோடு, வடிசல், சொரசொரப்பு

இவை அடித்த கை சார்ந்தவை, ஆபத்தில்லாதவை. பிரஷ் கோடு விழுந்தால் பெயிண்ட் சமமாவதற்குள் காய்ந்திருக்கிறது. தலைக்கு மேல் ஓடும் ஃபேனை அணைத்துவிடுங்கள். ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி விழுந்தால் சுவருக்கு உருட்டும் ரோலரை எடுத்திருக்கிறீர்கள். 4 அங்குல ஃபோம் ரோலர் வேண்டும். வடிந்திருந்தால் மாட்டிய கதவில் அப்படியே அடித்திருக்கிறீர்கள். கழற்றிப் படுக்கவைத்து அடியுங்கள். மணல் மணலாக இருந்தால் தூசி, அல்லது டப்பாவில் பெயிண்ட் மேல் படிந்த ஏடு. பழைய நைலான் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: இறுகவிட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பர், மெல்லிய ஒரு கோட்.

அறிகுறி: பட்டி பார்த்த இடம் மட்டும் வெடிக்கிறது அல்லது மங்கலாகத் தெரிகிறது

மரத்தில் சுவர்ப் பட்டியைப் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் பட்டி மரத்தோடு சேர்ந்து நெளியாது, மழைக்காலத்தில் மரம் உப்பியதும் விட்டுவிடும். நோண்டி எடுத்துவிட்டு மரத்துக்கான பட்டியோ, பழைய ஆசாரிகள் சாக்பவுடரில் பிசையும் மக்கோ வையுங்கள். கைப்பிடி மாற்றிய பழைய துளைகளுக்கு ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டிதான் நிற்கும். அதற்கு முன் ஒரு யோசனை: கைப்பிடித் துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 96 அல்லது 128 மி.மீ. அதை அளந்துகொண்டு கடைக்குப் போனால் துளையை அடைக்கும் வேலையே இருக்காது.

வெடிக்காமல் மங்கல் மட்டும் என்றால், பட்டி மேல்கோட்டின் எண்ணெயைக் குடித்திருக்கிறது. பட்டி பார்த்த பிறகு அந்த இடத்துக்கு இன்னொரு முறை பிரைமர் கொடுத்திருக்க வேண்டும்.

அறிகுறி: தெளிவான பாலிஷில் வெள்ளை மேகம்

மழை நாளில் என்.சி. லாக்கர் அடித்தால் தின்னர் வேகமாகப் பறந்து பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கும். வெயில் நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை லேசாக ஸ்பிரே செய்தால் மேகம் கலைந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் நீர் பூக்கும் நாளில் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள்.

அறிகுறி: கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது உரசுகிறது

ஒட்டுவது வேறு, உரசுவது வேறு. திறக்கும்போது "சர்" என்று சத்தம் வந்து பெயிண்ட் பிய்ந்தால் அது ஒட்டல். தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே முழுக்க இறுக எனாமலுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை கதவு சட்டத்தில் படும் மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள். ஈரத் துணியால் அழுத்தித் தேய்ப்பதையும் அதுவரை ஒத்திப்போடுங்கள்.

உரசினால் பெயிண்ட்டின் கனத்தைப் பழிப்பார்கள். ஒரு கோட் காய்ந்த பின் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். இரண்டு மி.மீ. இடைவெளியை அது அடைக்காது. கதவுகளைக் கழற்றி மாட்டியதில் இடம் மாறியிருக்கும், அல்லது கீல் திருகு நகர்ந்திருக்கும். மாடுலர் கீலில் இருக்கும் இரண்டு திருகையும் கால் திருப்பு திருப்பிப் பாருங்கள். பழைய மரக் கதவு என்றால் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஏறிய எனாமல் காரணமாக இருக்கலாம். அந்த விளிம்பை மரம் தெரியும்வரை சுரண்டி, ஒரே ஒரு பிரைமரும் ஒரு கோட்டும் கொடுங்கள். அடுத்த முறை கழற்றும்போது ஒவ்வொரு கீலின் குழியிலும் பென்சிலால் எண் போட்டு, அதே எண்ணைச் சட்டத்திலும் எழுதி மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டால் இந்தத் தலைவலியே வராது.

அறிகுறி: புதுப் பெயிண்ட்டில் ஊசித் துளை, கீழே மாவு

அலமாரித் தட்டில் காலையில் துடைத்த இடத்தில் மாலைக்குள் சலித்த மாவு போல் மரத்தூள் கிடந்தால், அதற்கு நேர் மேலே குண்டூசித் தலை அளவில் துளை இருக்கும். பெயிண்ட்டில் கொப்புளம் வெடித்ததென்று நினைத்துப் பட்டி வைத்து மூடுவார்கள். பக்கத்திலேயே இன்னொரு துளை வரும், ஏனென்றால் மரத்தைக் குடையும் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. மரத்துக்கான பூச்சிமருந்தை ஊசியால் ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, துளையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுக் காத்திருங்கள். ஒரு மாதம் புது மாவு விழாவிட்டால் பட்டி, பிரைமர், ஒரு கோட். மாவோடு ஈரமண் சுரங்கமும் தெரிந்தால் அது கரையான். கதவை விட்டுவிட்டு, முதலில் அலமாரியின் பின்சுவரைத் தட்டிப் பாருங்கள்.